மூன்றாவது முறை கேட்காத கேள்வி

போன மாதம் கடலூரில் எங்கள் ஓய்வு பெற்றோர் கூட்டத்துக்குச் சர்வே ஆபீஸ் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எங்களுக்குக் காட்டுவதற்காகப் புதுக் கருவி ஒன்றையும் தூக்கி வந்திருந்தார்கள். மூன்று கால், தலையில் வட்டமாய் ஒரு மூடி. அதை நட்டுவைத்துவிட்டு நின்றால் போதுமாம், வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளைக் கேட்டுக்கொண்டு நாம் நிற்கிற இடத்தை விரல்கடை பிசகாமல் சொல்லிவிடுமாம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வந்தவர்களில் ஒருத்தன், நல்ல பையன், இது இல்லாமல் பாண்டிச்சேரி பார்டரையெல்லாம் எப்படி அளந்தீர்கள் பாய், தப்பு வந்துவிடாதா என்று கேட்டான்.

அளவில் தப்பு வந்ததில்லை என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அளவில் ஒரு தப்பும் வராமலே ஒரு குடும்பத்தின் தலையில் மண் விழுந்த கதை என்னிடம் இருக்கிறது. கூட்டத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளட்டும்.

எனக்குச் சொந்த ஊர் மங்கலம்பேட்டை. எங்கள் தெருவில் பாதிப் பேர் கப்பலேறிப் போனவர்கள். என் அத்தாவும் பினாங்கில் துணிக்கடையில் இருந்தவர்தான். என்னையும் அனுப்பிவிடத் துடித்தார். எனக்குக் கடல் என்றாலே குமட்டல். அதனால் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு சர்வே டிபார்ட்மெண்டில் சேர்ந்துவிட்டேன். பயிற்சி சிதம்பரத்தில். கடலுக்குப் பயந்து வந்தவனைக் கிள்ளைப் பக்கம் உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி அளவுச் சங்கிலி பிடிக்க வைத்தார்கள். அங்கே கற்றது சங்கிலியைத் தொய்யவிடாமல் இழுக்கவும் கொடிக்கம்பை நேர்பார்க்கவும்தான். மற்றதெல்லாம் கடலூருக்கு மாற்றலாகி வந்த பிறகு, பரஞ்சோதி சாரிடம் திட்டு வாங்கிக் கற்றது.

கடலூர் தாலுகாவில் சர்வேயராக இருப்பது மற்ற தாலுகா மாதிரி இல்லை. பெண்ணையாற்றைத் தாண்டினால் கொஞ்ச தூரம் நம் ஊர், அப்புறம் பிரெஞ்சுக்காரன் ஊர், திரும்பவும் நம் ஊர். அவன் தன் நாட்டில் எப்படி வகுத்திருந்தானோ அதே மாதிரி இங்கேயும் வகுத்து வைத்திருந்தான். பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று ஒவ்வொன்றும் ஒரு கொம்யூன். கொம்யூனுக்கு ஒரு தலைவர், அவரை மேர் என்பார்கள். அவர் ஆபீசுக்கு மெரி என்று பெயர். பிறந்தாலும் செத்தாலும் மெரியில் போய்ச் சொல்ல வேண்டும். கல்யாணம் என்றால் மேர் மார்பில் மூவர்ணப் பட்டியைப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் நிற்பார். நமக்கோ தாலுகா, பிர்கா, கிராமம், முன்சீப், கர்ணம். இந்த இரண்டு வகுப்பும், கிழிந்த வேட்டியில் ஒட்டுப் போட்ட மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கிடந்தன. ஒட்டு எங்கே முடிகிறது, வேட்டி எங்கே தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை.

ஐம்பத்துநாலிலேயே பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் கொம்யூன் கொம்யூனாகவே இருந்தது, சட்டமும் பாதி பழையதாகவே இருந்தது. நம் பக்கம் மதுவிலக்கு. அந்தப் பக்கம் சாராயக்கடை. ஓடைமேடு என்று ஒரு ஊர், பெண்ணையாற்றுக்கு வடக்கே. எல்லை ஊருக்கு நடுவிலேயே போகும். மேற்கு ஓடைமேடு கடலூர் தாலுகா, கிழக்கு ஓடைமேடு பாகூர் கொம்யூன். மேற்கில் குடித்தால் கேஸ், கிழக்கில் குடித்தால் தாகசாந்தி. ஒரு நாள் ஒருத்தன் குடித்துவிட்டு எல்லையிலேயே விழுந்துவிட்டான். தலை கொம்யூனில், கால் தாலுகாவில். நம் கான்ஸ்டபிள் காலைப் பிடித்து இழுக்கிறார். அவன் மச்சான் ஓடி வந்து, குடித்தது வாய்தானே, வாய் அந்தப் பக்கம் இருக்கிறது, காலை எதற்குப் பிடிக்கிறீர்கள் என்று சண்டை போட்டான். எங்களைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொன்னார்கள். நாங்கள் போவதற்குள் அவன் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். இதைச் சொல்லிச் சொல்லி ரொம்ப நாள் சிரித்திருக்கிறேன். ஒரு மனிதன் எந்தப் பக்கம் கிடந்தான் என்பதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று அப்போது தெரியாது.

பரஞ்சோதி சார் எனக்கு மேலே இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஒல்லி, நெட்டை. முழங்காலுக்கு மேலே நிற்கிற வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பி, தோளில் தன் தண்ணீர்க் குடுவை. அளக்கப் போன இடத்தில் யார் வீட்டிலும் உட்கார மாட்டார். மோர் கொடுத்தால் கும்பிட்டுவிட்டு வேண்டாம் என்பார். பசித்தால் ஓரமாகப் போய் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டுத் தோலைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். எல்லைக்கல்லைக் கண்டுபிடித்தால் உடனே அளக்க மாட்டார். குந்தி உட்கார்ந்து, அடியில் மண்ணைக் கிளறி, கல் தானாக நிற்கிறதா, யாராவது பிடுங்கி நட்டதா என்று பார்ப்பார். பிடுங்கி நட்ட கல்லின் அடியில் மண் புதிதாக இருக்கும். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பேன். அவருக்கு அவசரம் என்பதே கிடையாது.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, எந்தப் பதில் யாருக்குச் சாதகம் என்று கட்சிக்காரர்களுக்குத் தெரியவே கூடாது. எல்லைக் கோட்டை மண்ணில் போட்டுக் காட்ட மாட்டார். கல்லிலிருந்து கல்லுக்கு அளவை எடுத்துக்கொண்டு வந்து ஆபீசில் காகிதத்தில்தான் போடுவார். தெரிந்துவிட்டால் அப்புறம் யாரும் மண்ணைப் பற்றிப் பேச மாட்டார்கள், தங்களைப் பற்றித்தான் பேசுவார்கள் என்பார். இரண்டாவது பழக்கம், முக்கியமான கேள்வியை மூன்று முறை கேட்பது. முதலில் ஊர்க்கூட்டத்துக்கு முன்னால். அடுத்து, அளவு நடக்கும்போது அந்த இடத்திலேயே. மூன்றாவது, எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நான் சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, ஆளைத் தனியாக ஓரங்கட்டி, சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி.

"மொதல்ல சொல்றது ஊருக்கு. ரெண்டாவது சொல்றது ஆபீசருக்கு. மூணாவதுதான் பாய் உண்மைக்கு" என்பார்.

எத்தனையோ முறை அது பலித்ததைப் பார்த்திருக்கிறேன். பங்காளிச் சண்டை ஒன்றில் இரண்டு முறை கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்த பெரியவர் ஒருவர், மூன்றாவது முறை வரப்போரம் கேட்டபோது பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "நான்தான் சார் கல்ல நவுத்தினேன், எங்க மாமன் செத்த மறுவாரம்" என்றார். கூட்டம் இல்லையென்றால் மனிதனுக்கு உண்மை சொல்வது அவ்வளவு பெரிய வேலை இல்லை.

அறுபத்திரண்டில் பாண்டிச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. அப்போது அங்கிருந்த ஜனங்கள் எந்த நாட்டுப் பிரஜை என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு கணக்குப் போட்டார்கள். அதைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். பிரெஞ்சுக் குடியாக இருந்து, பிரெஞ்சு எல்லைக்கு உள்ளே பிறந்து, அங்கேயே வாழ்ந்தவன், இனி இந்தியன். பிரெஞ்சுக்காரனாகவே இருக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் அதே குடும்பத்தில் எல்லைக்கு வெளியே பிறந்தவன் ஒன்றும் எழுத வேண்டாம், அவன் பாட்டுக்குப் பிரெஞ்சுக்காரனாகவே இருப்பான். பிரெஞ்சு மண்ணில் பிறந்தவனுக்குப் போய்விட்டது, பிறக்காதவனுக்கு நின்றுவிட்டது. எந்தப் புண்ணியவான் போட்ட கணக்கோ.

இந்தக் கணக்கு நம் பழக்கத்தோடு சேர்ந்ததும் இன்னும் வேடிக்கையானது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? கொம்யூனில் வாழ்க்கைப்பட்ட பெண்களில் எத்தனையோ பேருக்குத் தாய்வீடு நம் தாலுகாவில். ஆகவே மூத்த பிள்ளை கடலூர் தாலுகாவில் பிறந்தது, அடுத்தது கொம்யூனில் பிறந்தது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் பிரெஞ்சுக்காரன், தம்பி இந்தியன். நம் அம்மாக்கள் சீர் செய்து மகளை அழைத்து வந்தபோது இதையெல்லாம் கனவிலாவது நினைத்திருப்பார்களா?

அந்த ஓடைமேட்டில்தான் தனபாக்கியம் இருந்தாள். புருஷன் நடேசன் கிழக்கு ஓடைமேட்டுக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்தவர். கல்யாணமான அடுத்த வருஷமே இந்தோசீனாவுக்குக் கொண்டு போனார்கள். ஒரு முறை லீவில் வந்தார், பிள்ளை அப்போது கைக்குழந்தை. அப்புறம் வரவே இல்லை. பிரான்சிலேயே ஏதோ ஊரில், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோயோடு கிடந்தார். ஒரே பிள்ளை கோவிந்தசாமி. அப்பன் கிடக்கிற கிடப்பில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும், மோசமாகிவிட்டால் கொள்ளியாவது பிள்ளை கையால் விழ வேண்டும் என்று தாய்க்கும் பிள்ளைக்கும் தவிப்பு. அங்கே போகப் பிரெஞ்சு பாஸ்போர்ட் வேண்டும். அந்த நாளில் நம் பாஸ்போர்ட் சாதாரண ஜனங்களுக்கு எளிதில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை.

கோவிந்தசாமி அம்மாவின் தாய்வீட்டில் பிறந்தவன். அந்த வீட்டு வாசல் மேற்குத் தெருவைப் பார்த்தது, தீர்வை கட்டியது கடலூருக்கு. அவன் வெளியே பிறந்தவன், ஒன்றும் எழுத வேண்டாம் என்று விஷயம் தெரிந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். சும்மா இருந்துவிட்டான். ஆறு மாதமும் போய்விட்டது. அப்புறம் பாஸ்போர்ட்டுக்குப் போனபோது கேள்வி வந்தது. மெரிப் பதிவேட்டில் பிறந்த ஊர் ஓடைமேடு என்று மட்டும்தான் இருந்தது. எந்த ஓடைமேடு? இரண்டு பக்கத்து சர்வேயர்களும் சேர்ந்து போய்ப் பிறந்த இடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று எங்களுக்கு உத்தரவு வந்தது.

ஐப்பசி மாசம் போனோம். நானும் பரஞ்சோதி சாரும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சர்வேயர் ஜீப்பில் வந்திருந்தார், குடையும் கையுமாக, நல்ல மனிதர். தனபாக்கியத்தின் அண்ணன் வைத்திலிங்கம்தான் வீட்டுக்குப் பெரியவர். ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். நடுவீட்டில் குலதெய்வத்துக்கு ஒரு விளக்கு, தலைமுறையாக அணையாமல் எரிகிறது என்று எங்களிடம் முதல் பேச்சே அதுதான். அந்த விளக்குக்காக அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு. தீட்டு ஆனவர்கள் உள்ளே வரக்கூடாது. கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு வைத்திருந்தார்கள். தூரமானாலும் பிரசவமானாலும் பெண்கள் அங்கேதான்.

சார் வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார். தெருவே கூடி நின்றது.

"கோவிந்தசாமி எங்கம்மா பொறந்தான்?"

"இந்த வூட்லதாங்க."

"வூட்ல எந்த எடத்துல?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். வேறு எங்கே சார், கொல்லைக் கொட்டகையில்தான் என்று அவர் முந்திக்கொண்டார். சார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவளே சொல்லட்டும் என்றார். அவளும் தலையைக் குனிந்துகொண்டு, "கொட்டாயிலதாங்க" என்றாள்.

எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. வடக்கே ஒரு எல்லைக்கல், தெற்கே ஒன்று. இரண்டையும் தேடி எடுத்தோம். தெற்குக் கல்லை ஒருத்தர் கிணற்றடியில் துணி துவைக்க வைத்திருந்தார், நல்ல வேளை இடம் மாறவில்லை. சார் வழக்கம்போலக் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறினார். வடக்குக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்து வீட்டுப் பின்சுவர் பக்கம் வந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. கணக்கு மனதுக்குள்ளேயே விழுந்துவிட்டது. கோடு பின்சுவருக்கும் கொட்டகைக்கும் நடுவே போகிறது. வீடு முழுக்கக் கடலூர் தாலுகா. கொட்டகை மட்டும் பாகூர் கொம்யூன்.

வீட்டுக்குள் பிறந்திருந்தால் அவன் வெளியே பிறந்தவன், பிரெஞ்சுக்காரன், அப்பனிடம் போகலாம். கொட்டகையில் பிறந்திருந்தால் உள்ளே பிறந்தவன், இந்தியன், போக முடியாது. நாலு முழ மண்.

சார் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. கொட்டகையில் வைத்து இரண்டாவது முறை கேட்கும்படி என்னிடம் கண்ணைக் காட்டினார். அவர் பழக்கத்தை மீறாமல் அந்த அம்மாவுக்கு ஒரு வழியாவது திறந்துவிடலாம் என்று நான் யோசித்தேன்.

"இவன் பொறந்ததும் ஐப்பசின்னுதான் மெரில இருக்கு, நல்ல மழையா இருந்திருக்கும். இந்தக் கூரையில எப்படிம்மா பெத்தீங்க?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். சத்தியமாகச் சொல்கிறேன், தயங்கினாள். வைத்திலிங்கம் பின்னாலேயே நின்றார். தெருப் பெண்கள் நாலைந்து பேர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மழையோ வெயிலோ, புள்ள பெக்கறது கொட்டாயிலதாங்க. வெளக்கு எரியற எடத்துல எவளாவது பெப்பாளா?"

பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். வைத்திலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மூன்றாவது முறைதான் பாக்கி. நான் சங்கிலியைச் சுற்ற ஆரம்பித்தேன். கூட்டம் கலைய வேண்டும், சார் அவளைத் தனியாகக் கூப்பிட வேண்டும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, கூரையைப் பிய்க்கிற மழை. ஊர் ஜனமெல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே ஒண்டிக்கொண்டது. தனியாகக் கேட்க இடமில்லை. அந்தப் பக்கத்து சர்வேயர் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு, வாய்க்கால் பாதை முழுகிவிடும், வாருங்கள் என்று அவசரப்படுத்தினார்.

ஜீப்பில் ஏறுகிறபோது, அந்தம்மாவை இன்னும் ஒரு முறை கேட்கவில்லையே சார் என்றேன். சார் தொப்பியிலிருந்து தண்ணீரை உதறினார்.

"வேணாம் பாய். தனக்குப் பாதகமா எவனும் பொய் சொல்லமாட்டான்."

நியாயமான பேச்சு. நானும் தலையாட்டினேன். ஜீப் பெண்ணையாற்றுப் பாலத்துக்கு வந்தபோதுதான் அதில் ஓட்டை இருப்பது தெரிந்தது. பாதகம் என்று தெரிந்தால்தானே பாதகமாகச் சொல்லாமல் இருப்பாள்? சாதகம் எது பாதகம் எது என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்று வைத்ததே நாம்தானே? இரண்டும் நல்ல பழக்கம். இரண்டையும் சேர்த்தால் இப்படி ஒரு பொத்தல் விழும் என்று அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் நேரத்தில் தோன்றவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருக்க முடியுமா என்றால், முடியாது. பாதை அதற்குள் முழுகிவிட்டது. மறுநாள் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

மாசம் திரும்பியதும் தனபாக்கியம் மகனைக் கூட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். பாஸ்போர்ட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், கொட்டகையில் பிறந்ததுதான் காரணம் என்றும் சொல்லிவிட்டார்கள். அவள் சார் மேஜைக்கு முன்னால் நின்று, கொட்டகையில் இல்லை, வீட்டுக்குள்ளேதான் பெற்றேன், அண்ணனுக்குப் பயந்து மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று அழுதாள். ஆபீசே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. கோவிந்தசாமி சுவரோரமாக நின்றான். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசிருக்கும், திடமான பையன்.

"எங்கப்பா மொகம் எனக்கு போட்டோல பாத்துதான் சார் தெரியும்" என்றான்.

சார் ஓடைமேட்டு ஃபைலை எடுத்து அன்றைக்கு எழுதியதைப் படித்தார். அப்புறம் சொன்னார், குரலை உயர்த்தாமல்:

"அன்னிக்கு நீங்க சொன்னது சாட்சிம்மா. இன்னிக்குச் சொல்றது தேவை. இத வச்சி நான் எழுத முடியாது."

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அழுதுகொண்டே போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு இருந்திருக்காது. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அவர்கள் போன பிறகு நான் சார் அறைக்குள் போனேன். வாழ்க்கையிலேயே அன்றைக்கு ஒரு நாள்தான் அவரோடு வாதாடினேன். நாம் மூன்றாவது முறை கேட்கவில்லை சார், அதனால் இது முடிந்த விசாரணை ஆகாது என்றேன். என்னை முறைத்தார். அப்புறம் காகிதத்தை இழுத்து, மறுவிசாரணை வேண்டும் என்று மேலே எழுதினார். விசாரணையில் ஒரு பகுதி விடுபட்டுவிட்டது என்றே எழுதினார். அந்த மனிதர் தன் வேலையில் குறை என்று கைப்பட எழுதியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். முடிவு தெரிந்த பிறகு மாற்றிச் சொல்வதை ஏற்பதற்கில்லை, இரண்டு பக்கமும் கையெழுத்தான அளவு அளவுதான் என்று பதில் வந்தது. வராமல் என்ன செய்யும்? அந்த மேலதிகாரி இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

அவள் ஆபீசில் சொன்னது நிஜமா, மகனுக்காகச் சொன்ன பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. சாருக்கும் தெரியவில்லை. நாங்கள் இதைப் பற்றி அப்புறம் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு வேப்பமரத் தகராறுக்குப் போனோம். மரம் யாருடையது என்பது கல்லைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கேள்வியே வேண்டாம். இருந்தாலும் சார் போகவில்லை. கூட்டம் கலையட்டும் என்று வெயிலில் வரப்பிலேயே நின்றார். நானும் நின்றேன். பொழுது சாய்கிற நேரத்தில் அந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டு மூன்றாவது முறை கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார். அந்த ஆளும் பழைய பதிலையேதான் சொன்னான். ரிட்டயராகும் வரை அவர் ஒரு இடத்திலும் அதை விட்டதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபமும் இருந்தது, அவ்வளவு மரியாதையும் இருந்தது. இன்றைக்கும் இரண்டும் குறையவில்லை.

அறுபதுகளின் கடைசியில் என்னைச் சிதம்பரத்துக்கு மாற்றினார்கள். பயிற்சி எடுத்த ஊருக்கே திரும்பி வந்து சேர்ந்தேன். ஒரு நாள் கொள்ளிடக்கரையோரம் வேலையை முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பாய், பாய் என்று யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினால் தனபாக்கியம். நெற்றியில் பொட்டில்லை. முடி ஈரமாக இருந்தது.

நானே கேட்காமல் அவளே சொன்னாள். புருஷன் போய்விட்டார். அங்கேயே புதைத்துவிட்டார்கள், கொள்ளி கிடையாது. எல்லாம் முடிந்த பிறகுதான் தகவல் வந்தது. கோவிந்தசாமி கொள்ளிடத்தில் தலை முழுகி, உடம்பு இல்லாமலே அப்பனுக்குக் காரியம் செய்திருக்கிறான். பஸ்ஸில் இடம் பிடிக்கப் போயிருந்தான். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தான், மொட்டைத் தலையோடு. ஆள் இளைத்திருந்தான்.

எங்களில் யாராவது இறந்தால் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை இருக்கிறது. அவளிடம் அதைச் சொல்ல வரவில்லை. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவர் போய் ரெண்டு வருஷமாகிறது என்றாள். விளக்கு எரிகிறதா என்றேன். எரிகிறது என்றாள்.

சுற்றித் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அண்ணன் இல்லை, வேலியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் இல்லை, ஆபீஸ் இல்லை. இனிமேல் எந்தப் பதிலும் யாருக்கும் சாதகமும் இல்லை, பாதகமும் இல்லை. என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"தனபாக்கியம்மா, கோவிந்தசாமி எங்கம்மா பொறந்தான்?"

அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

"கொட்டாயில மொழங்காலு தண்ணி பாய், அன்னிக்கு அண்ணன் ஊர்ல இல்ல. எங்கம்மா என்ன அப்படியே அணைச்சிக் கூட்டியாந்து நடுவூட்ல, வெளக்குக்கிட்டயே படுக்க வச்சாங்க. அங்கதான் பொறந்தான். அண்ணனுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுடும், யாருகிட்டயும் சொல்லாதன்னு எங்கம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சி."

பஸ் கிளம்புவதற்கு டிரைவர் ஹாரன் அடித்தான். கோவிந்தசாமி எங்களைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டடி போனவள், நின்று திரும்பினாள்.

"இப்பிடி ஊரு ஆளு இல்லாத எடமா பாத்து அன்னிக்கே கேட்டிருந்தா, சொல்லியிருப்பேனே பாய்."